ஒரே தறியின் இரண்டு ஊர்கள்: மான்செஸ்டர், நகோயா தொழில் அருங்காட்சியகங்கள் குறித்து ஒரு மதிப்பீடு

மான்செஸ்டரின் அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தையும் ஜப்பானின் நகோயாவிலுள்ள டொயோட்டா தொழில்நுட்ப நினைவு அருங்காட்சியகத்தையும் தனித்தனியே பார்த்துவிட்டு வருபவர்கள் ஏராளம். இரண்டையும் ஒரே கட்டுரையில் வைத்துப் பேச வேண்டும் என்று நான் கருதுவதற்குக் காரணம், 1929 டிசம்பரில் கையெழுத்தான ஓர் ஒப்பந்தம். மான்செஸ்டரை ஒட்டியுள்ள ஓல்டம் நகரின் பிளாட் பிரதர்ஸ், நகோயாவின் சாகிச்சி டொயோடா உருவாக்கிய தானியங்கித் தறியின் காப்புரிமையை 1,00,000 பவுண்டு தருவதாக ஒப்புக்கொண்டு வாங்கியது. ஜப்பான், சீனா, அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகள் நீங்கலாக உலகம் முழுவதும் அந்தத் தறியைச் செய்து விற்கும் உரிமை ஓல்டமுக்குப் போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நெசவு, நூற்பு இயந்திரங்கள் செய்வதில் உலகிலேயே மிகப்பெரிய நிறுவனமாக இருந்தது பிளாட். 1883-இல் ஒசாகாவில் ஓடத் தொடங்கிய ஜப்பானின் முதல் பெரிய தனியார் நூற்பாலையும் அதன் இயந்திரங்களைக் கொண்டுதான் தொடங்கியது. சாகிச்சியின் மகன் கீச்சிரோ 1922-இல் ஓல்டமுக்குப் போய் பிளாட்டின் தொழிற்சாலையிலேயே பயிற்சி பெற்றவர். ஏழு ஆண்டுகள் கழித்து அதே நிறுவனத்தோடு பேரம் பேசி ஒப்பந்தத்தை முடிக்க அவரே மறுபடியும் இங்கிலாந்து போனார்.

கற்றுக்கொடுத்த ஊர் கற்றுக்கொண்ட ஊரிடம் விலை கொடுத்து வாங்க வேண்டிய நிலை எப்படி வந்தது என்பதுதான் இந்த இரண்டு இடங்களையும் இணைக்கும் கேள்வி. நமக்கு இதில் நேரடியான உறவு இருக்கிறது. 1913-இல் பிரிட்டன் ஏற்றுமதி செய்த பருத்தித் துணி ஏறத்தாழ 700 கோடி கெஜம். அதில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் இந்தியாவுக்கு வந்தது. நம் கைத்தறிகளின் சந்தையைப் பிடித்துக்கொண்ட துணி அது. அந்தத் துணி எங்கே, எப்படி, யார் கையால் நெய்யப்பட்டது என்று தெரிந்துகொள்ளும் ஆர்வம் தறியோடு தொடர்புள்ள எந்தத் தமிழருக்கும் இயல்பாகவே இருக்கும். கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று சொல்லியே பழகிவிட்டவர்களுக்கு அது இன்னும் கூடுதலாகவே இருக்க வேண்டும்.

முதலில் மான்செஸ்டர். அருங்காட்சியகம் லிவர்பூல் சாலையில், காசில்ஃபீல்டு பகுதியில், 1830 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட பழைய ரயில் நிலையத்தின் வளாகத்திலேயே அமைந்திருக்கிறது. நகரங்களுக்கிடையே நீராவி எஞ்சினை மட்டுமே நம்பி, கால அட்டவணைப்படி பயணிகளை ஏற்றிச்சென்ற முதல் ரயில் பாதையான லிவர்பூல் மான்செஸ்டர் பாதையின் முனையம் இது. அதே 1830-இல் கட்டப்பட்ட சரக்குக் கிடங்கும் அருகிலேயே நிற்கிறது. உலகில் எஞ்சியிருக்கும் ரயில் கிடங்குகளில் இதுவே மிகப் பழையது. லிவர்பூல் துறைமுகத்தில் இறங்கிய பஞ்சுப் பொதிகள் இந்தப் பாதை வழியாகத்தான் ஆலைகளுக்குப் போயின. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த எந்தப் பொருளையும்விட இந்தச் செங்கல் சுவர்களே இங்கு பெரிய காட்சிப்பொருள் என்பது என் கருத்து. நுழைவுக்குக் கட்டணம் இல்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். சிறப்புக் கண்காட்சிகள் சிலவற்றுக்கு மட்டுமே தனிச் சீட்டு வாங்க வேண்டியிருக்கும்.

நெசவுக் கூடத்தில் குறிப்பிட்ட நேரங்களில் இயந்திரங்களை ஓட்டிக் காட்டுகிறார்கள். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் எந்திரம் தொடங்கி, நூற்கும் எந்திரம், மான்செஸ்டரைச் சூழ்ந்த நெசவு மாவட்டமான லங்காஷயரின் பெயர் கொண்ட லங்காஷயர் தறி என வரிசையாக ஓடவிட்டு, ஒருவர் நின்று விளக்குகிறார். ஒரே ஒரு தறி ஓடும்போது எழும் சத்தத்திலேயே பக்கத்தில் நிற்பவரோடு பேச முடியவில்லை. நூற்றுக்கணக்கான தறிகள் ஒரே கூரையின்கீழ் ஓடிய ஆலைகளில், பெண்கள் உதட்டசைவைப் பார்த்தே ஒருவர் சொல்வதை இன்னொருவர் புரிந்துகொள்ளப் பழகியிருந்தார்கள் என்பது அங்கே நின்றால் நூலில் படிப்பதைவிட நன்றாக விளங்குகிறது. அங்கு கவனிக்க வேண்டிய இன்னொன்று, குறுக்கு நூலைத் தறியில் இங்குமங்கும் கொண்டு ஓடும் நாடா. அதனுள் இருக்கும் நூற்கண்டான தார் தீர்ந்து புதுத் தார் போட்டவுடன், நூல் முனையை நாடாவின் சிறு துளை வழியாக வெளியே கொண்டுவர, நெசவாளி அந்தத் துளையில் வாயை வைத்து உறிஞ்சுவார். ஒரே நாடாவில் பல பேருடைய வாய் படும், பஞ்சுத் தூசியும் சாயமும் உள்ளே போகும், நோய் பரவும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில்கூட லங்காஷயரில் இந்தப் பழக்கம் முற்றாக ஒழியவில்லை. இந்தச் சிறு துளையை மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நகோயாவுக்குப் போகும்போது அது தேவைப்படும்.

மான்செஸ்டர் அருங்காட்சியகத்தின் பெரிய பலம் அதன் நேர்மை. பஞ்சு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை அது ஒதுக்கிவிடவில்லை. அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைகளாக வைக்கப்பட்ட மக்களின் உழைப்பில் விளைந்த பஞ்சுதான் இந்நகரின் செல்வத்துக்கு அடித்தளம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1861 முதல் 1865 வரை, பஞ்சு வரத்து நின்று லங்காஷயரின் ஆலைகள் மூடப்பட்டுத் தொழிலாளர்கள் பட்டினி கிடந்தார்கள். அப்படியிருந்தும் அடிமை முறைக்கு எதிராக நின்ற மான்செஸ்டர் தொழிலாளர்களுக்கு ஆபிரகாம் லிங்கன் 1863-இல் எழுதிய கடிதம் புகழ்பெற்றது. அவருடைய சிலை இன்றும் நகரின் நடுவில், அவர் பெயர் தாங்கிய சதுக்கத்தில் நிற்கிறது. ஒரு தொழில் நகரம் தன் வரலாற்றைச் சொல்லும்போது தனக்குப் பெருமை தராத பகுதியையும் சேர்த்துச் சொல்வது அரிது. அதற்காகவே இந்த இடத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

நெசவை விட்டு வெளியே வந்தால், 1948 ஜூன் 21 அன்று மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில், நினைவகத்தில் பதிந்த நிரலை முதன்முதலாக இயக்கிய கணினியின் மறு உருவாக்கமும் இங்கே இருக்கிறது. பொறியியலில் ஆர்வமுள்ளவர்கள் அதன் முன்னே நெடுநேரம் நின்றுவிடுவார்கள். நான் நெசவுக்காகப் போனவன். ஆகவே அதைக் கடந்து செல்கிறேன்.

குறை என்று சொன்னால் இரண்டு சொல்வேன். பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலை இங்கே நீண்டகாலமாக நடந்துவருகிறது. நீராவி எந்திரங்கள் இருக்கும் கூடம் 2019-இல் மூடப்பட்டு ஆண்டுக்கணக்கில் பார்வையாளர்களுக்கு எட்டாமல் இருந்தது. எனவே எந்தெந்தப் பகுதிகள் திறந்திருக்கின்றன என்று புறப்படுமுன் விசாரித்துக்கொள்வது நல்லது. இரண்டாவது குறை எனக்கு முக்கியமானது. லங்காஷயர் எப்படி எழுந்தது என்பதை இவ்வளவு விரிவாகச் சொல்லும் இடம், அது எப்படி விழுந்தது என்பதைச் சொல்லும்போது அவசரப்படுவதாக எனக்குப் பட்டது. வீழ்ச்சிக்கான விளக்கத்தில் பெரும்பகுதி எண்ணாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இன்னொரு கட்டடத்தில் இருக்கிறது.

நகோயாவில் அந்தக் கட்டடத்துக்குப் போவது எளிது. மெய்தெட்சு என்ற தனியார் ரயிலின் நகோயா நிலையத்திலிருந்து ஒரே ஒரு நிறுத்தம் தள்ளி சாகோ என்ற சிறு நிலையம். அங்கிருந்து சில நிமிட நடை. 1911-இல் சாகிச்சி தன் தறிகளைச் சோதித்துப் பார்ப்பதற்காக அமைத்த நெசவாலை இருந்த அதே இடத்தில், பழைய செங்கல் கட்டடங்களைக் காப்பாற்றி, கீச்சிரோ பிறந்து நூறு ஆண்டுகள் நிறைந்த 1994 ஜூன் மாதத்தில் இதைத் திறந்தார்கள். நுழைந்ததும் எதிரே நிற்பது 1906-இல் சாகிச்சி வடிவமைத்த வட்டத் தறி. நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிபட்டு ஓடுவதற்குப் பதிலாக வட்டமாகச் சுற்றிவந்து துணியைக் குழாய் வடிவில் நெய்யும் அமைப்பு அது. தொழிலில் பெரிய அளவில் பயன்பட்டதைக் காட்டிலும், ஒரு தச்சரின் மகன் எவ்வளவு தூரம் யோசித்தான் என்பதற்குச் சான்றாகவே அதை முன்னால் வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

நெசவுக் கூடத்தின் தொடக்கத்திலேயே பணியாளர் ஒருவர் கொட்டை நீக்காத பருத்தியைக் கையில் கொடுக்கிறார். பிறகு கொட்டையை எடுத்து, பஞ்சை விரலால் மெல்ல இழுத்து முறுக்கி நூலாக்கிக் காட்டுகிறார். முறுக்காத பஞ்சை இழுத்தால் அறுந்துபோகிறது. முறுக்கிய பஞ்சு விரலை அறுக்கும் அளவுக்கு உறுதியாக நிற்கிறது. நூற்பின் அடிப்படை அறிவியல் முழுவதும் அந்த ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அடுத்து ராட்டை, அதையடுத்து, முன்னாள் புத்தத் துறவி ஒருவர் 1870-களில் கண்டுபிடித்த கராபோ என்ற மர எந்திரம். பஞ்சு அடைத்த சிறு குழாய்கள் வரிசையாக நின்று சுழல, மேலிருந்து நூல் இழுபட்டுச் சுற்றிக்கொள்கிறது. இழை தடித்தால் குழாய் தானாகவே மேலெழுந்து சுழற்சியை விட்டு விலகி, இழை மெலிந்ததும் மறுபடி கீழே வந்து பொருந்திக்கொள்கிறது. இறக்குமதி இயந்திரம் வாங்க வசதியில்லாத ஜப்பானியக் கிராமங்கள் இதை வைத்தே நூற்றன. தன் தவற்றைத் தானே உணர்ந்து திருத்திக்கொள்ளும் இயந்திரம் என்ற சிந்தனை டொயோடாவுக்கு முன்பே இந்த மண்ணில் இருந்திருக்கிறது என்பதை நான் அங்குதான் தெரிந்துகொண்டேன்.

பிறகு தறிகள். 1890-இல் சாகிச்சி செய்த, ஒரு கையால் இயக்கும் மரத்தறியிலிருந்து தொடங்கி, மரமும் இரும்பும் கலந்த விசைத்தறி வழியாக, 1924-இல் முழுமை பெற்ற ஜி வகைத் தானியங்கித் தறி வரை வரிசையாக நிற்கின்றன. நாடாவின் துளையை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? வாயால் உறிஞ்ச வேண்டிய தேவையே இல்லாமல், முதல் ஓட்டத்திலேயே நூல் தானாகத் துளைக்குள் போய்விடும் நாடாவுக்கு 1909-இல் சாகிச்சி காப்புரிமை பெற்றார். அது நெசவாளியின் உடல்நலத்தைக் காத்தது; அதைவிட முக்கியமாக, மனிதக் கை படாமலே நாடாவை மாற்றுவது அதனால்தான் சாத்தியமாயிற்று. ஜி வகைத் தறியில் தார் தீரப்போகும் நேரத்தில், நூல் நிறைந்த வேறொரு நாடா, தறியின் வேகம் சற்றும் குறையாமல், பழையதைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் வந்து அமர்ந்துவிடுகிறது. கண் இமைத்தால் தவறவிட்டுவிடுவோம். பணியாளரிடம் கேட்டு மீண்டும் பார்த்தேன். அவர் சலிக்காமல் மறுபடி செய்து காட்டினார்.

அடுத்து அவர் செய்தது, தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு இழை ஒன்றை வேண்டுமென்றே அறுத்தது. ஒவ்வோர் இழையிலும் தொங்கும் மெல்லிய உலோகத் தகடு, இழை அறுந்ததும் கீழே விழுந்து, அடியில் அசையும் பாகத்தைத் தடுக்கிறது. தறி உடனே நின்றுவிடுகிறது. விசைத்தறிக் கூடத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். இழை அறுந்தது தெரியாமல் தறி ஓடினால் துணியில் நீளமாகக் கோடு விழும். அதைக் கவனிக்கவே ஆள் தறியருகில் நிற்க வேண்டும். லங்காஷயரில் ஒரு நெசவாளி பொதுவாக நான்கு தறிகளைப் பார்த்துக்கொண்ட காலத்தில், தவறு நேர்ந்தால் தானே நின்றுவிடும் தறியை வைத்திருந்த ஜப்பானியத் தொழிலாளி ஒருவர் முப்பதுக்கும் மேற்பட்டவற்றைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்தால், மான்செஸ்டரில் விடை கிடைக்காத கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடுகிறது. லங்காஷயரிலோ ஒருவர் ஆறு தறிகள் பார்க்க வேண்டும் என்று முதலாளிகள் கேட்டதும் 1930-களின் தொடக்கத்தில் பெரும் வேலைநிறுத்தங்களும் கதவடைப்புகளும் நடந்தன. 1933 வாக்கில் பருத்தித் துணி ஏற்றுமதியில் ஜப்பான் பிரிட்டனை முந்திவிட்டது. காப்புரிமையைக் காசு கொடுத்து வாங்கியும் ஓல்டமால் அதைத் தன் சொந்த மாவட்டத்து ஆலைகளில் பரவலாக்க முடியவில்லை.

கார்ப் பிரிவு இன்னும் பெரியது. 1933-இல் தறி நிறுவனத்துக்குள்ளேயே ஒரு துறையாகத் தொடங்கிய கார் தயாரிப்பு, 1937-இல் டொயோட்டா என்ற தனி நிறுவனமானது. பிளாட் கொடுத்த பணத்தில்தான் கார்த் தொழில் தொடங்கியது என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. ஆனால் அந்தத் தொகை பின்னர் பேரத்தில் குறைக்கப்பட்டது, பல தவணைகளில் வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுமையாகும். எஞ்சினின் சிலிண்டர் வார்ப்பில் நேர்ந்த தோல்விகள், மரச்சட்டத்தின் மேல் தகடுகளைச் சுத்தியலால் தட்டி வளைத்து உருவாக்கிய முதல் கார் உடல் ஆகியவற்றை இங்கே மறைக்காமல் காட்டியிருக்கிறார்கள். தவறு நேர்ந்தால் நின்றுவிடு என்ற தறியின் பாடம், பிழையைக் காணும் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம், தேவைப்பட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும் என்ற கார் ஆலையின் வழக்கமாக மாறியதை, கூடத்திலிருந்து கூடத்துக்கு நடந்தபடியே புரிந்துகொள்ளலாம்.

இவ்வளவு பாராட்டியபின் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இங்கே இயந்திரமும் அதைக் கண்டுபிடித்தவர்களும்தான் நாயகர்கள். அதை இயக்கிய பெண்கள் ஓரத்தில்தான் நிற்கிறார்கள். ஜப்பானின் நூற்பாலைகளில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து முன்பணம் கொடுத்து அழைத்துவரப்பட்டு, ஆலை விடுதிகளில் தங்கவைக்கப்பட்ட இளம்பெண்கள். பெண்களின் இரவு வேலை 1929-இல்தான் அங்கு தடைசெய்யப்பட்டது. அந்தத் தடை வரப்போகிறது என்பதும் ஆட்களைக் குறைக்கும் தறிகளை ஆலைகள் நாடியதற்கு ஒரு காரணம். நம் மாவட்டங்களின் நூற்பாலை விடுதிகளில் தங்கி வேலை பார்க்கும் பெண்பிள்ளைகளை அறிந்தவர்களுக்கு இந்தப் பக்கம் எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. மான்செஸ்டர் பஞ்சின் பின்னால் இருந்த மனிதர்களைப் பற்றிக் கேட்கும் கேள்விகளை நகோயாவும் தறியின் பின்னால் நின்ற மனிதர்களைப் பற்றிக் கேட்டால், உலகிலேயே இதற்கு இணையான நெசவு அருங்காட்சியகம் இராது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணமும் வெளிப்படையானது. மான்செஸ்டரில் நெசவுத் தொழில் முடிந்துபோன கதை. ஆன்கோட்ஸ் பகுதியின் பழைய நூற்பாலைகள் இன்று அடுக்குமாடி வீடுகளாகவும் அலுவலகங்களாகவும் இருக்கின்றன. பொதுப்பணத்தில் இயங்கும் அருங்காட்சியகம் யாருக்கும் கடன்படாமல் பேசுகிறது. நகோயாவிலோ தொழில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அருங்காட்சியகத்தை நடத்துவது அந்தத் தொழிலை நடத்தும் குழுமமே. சுற்றியுள்ள அய்ச்சி மாநிலம் ஜப்பானின் உற்பத்தித் தொழிலில் முதலிடத்தில் இருக்கிறது. சாகிச்சியின் தறி நிறுவனம் அருகிலுள்ள கரியா நகரிலிருந்து இன்றும் ஏர்ஜெட் தறிகளை உலகுக்கு விற்கிறது. அவற்றுள் ஒன்றும் இங்கே ஓடுகிறது: நாடாவே இல்லாமல், காற்றை ஊதி, குறுக்கு நூலான ஊடையைச் செலுத்தும் அந்தத் தறியைக் கொங்கு நாட்டினர் பலர் தம் ஊரிலேயே பார்த்திருப்பார்கள்.

ஒன்றுக்குத்தான் நேரமும் பணமும் இருக்கிறது என்பவர்கள் நகோயாவுக்கே போகலாம். தறியின் இயக்கத்தை இவ்வளவு பொறுமையாக, இவ்வளவு அருகில் நிறுத்தி விளக்கும் இடத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. கட்டணமும் பெறுவதற்கு ஏற்ற அளவில்தான் இருக்கிறது. இரண்டுக்கும் போக முடிந்தவர்கள் மான்செஸ்டரை முதலில் பார்க்க வேண்டும், ஏனெனில் லங்காஷயர் தறியின் சிரமத்தைப் பார்த்த கண்ணுக்குத்தான் ஜி வகைத் தறியின் எளிமை தெரியும். மான்செஸ்டர் காலை பத்து மணிக்குத் திறக்கும்போது நகோயாவில் மாலை ஏழு மணி, கோடைக்காலமானால் ஆறு மணி. நகோயா அருங்காட்சியகம் ஐந்துக்கே மூடிவிடும். ஆகவே ஒரே தறியின் கதையைச் சொல்லும் இந்த இரண்டு இடங்களும் ஒருபோதும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதில்லை. மான்செஸ்டரில் தறி ஓட்டிக் காட்டும் நேரத்தை வாயிலிலேயே கேட்டுக்கொண்டு அதற்கேற்ப மற்றக் கூடங்களைத் திட்டமிட வேண்டும். மீதி நேரம் இருந்தால் டீன்ஸ்கேட் காசில்ஃபீல்டு நிறுத்தத்திலிருந்து ஓல்டமுக்கு நேரடியாகவே டிராம் செல்கிறது. நகோயாவில் திங்கட்கிழமை விடுமுறை. காலை ஒன்பதரைக்குக் கதவு திறந்ததும் உள்ளே போய், கார்களின் பக்கம் திரும்பாமல் நெசவுக் கூடத்துக்கே முதலில் செல்ல வேண்டும்; குழந்தைகளோடு போகிறவர்கள் கார்ப் பிரிவைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளலாம்.